ஏற்காட்டில் சிறு குழந்தைகளுடன் சுற்றுலா

ஏற்காடு, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஒரு மலைவாழிடம் ஆகும். ஏரி, காடு ஆகிய இரு சொற்களிலிருந்து இப்பெயர் தோன்றியதாகக் கூறப்படுகிறது. நகரின் நடுவே ஏரியும் அதனருகே பூங்காவும் இருப்பதால், நெடுந்தூரம் நடக்க இயலாத குழந்தைகளுடன் வரும் குடும்பங்களுக்கு இது ஏற்ற இடமாக விளங்குகின்றது. எனினும் மலைப்பாதை, நீர்நிலை, குரங்குகள் ஆகிய மூன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை தனிக் கவனம் வேண்டுபவை.

மலைப்பாதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம், நைனார்பாளையம் பகுதிகளிலிருந்து வருவோர் ஆத்தூர் வழியாகச் சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையைப் பயன்படுத்துகின்றனர். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகருக்குள் செல்லாமல் அயோத்தியாப்பட்டினம், குப்பனூர் வழியாக மலையேறும் மற்றொரு பாதையும் உண்டு.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. நடுச்செவியிலுள்ள காற்றின் அழுத்தம் வெளிக்காற்றுடன் சமமாகாதபோது செவி அடைத்து வலிக்கும். இவ்வழுத்தத்தைச் சமன் செய்யும் யூஸ்டேஷியன் குழல் குழந்தைகளில் குறுகியதாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் இருக்கும். சளி பிடித்திருந்தால் அது எளிதில் அடைபடும். விழுங்கும்போது இக்குழல் திறப்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுவதும், வளர்ந்த குழந்தைக்குச் சிறிது சிறிதாக நீர் கொடுப்பதும் பயன்தரும்.

வளைவுகளில் ஏற்படும் குமட்டலுக்குக் காரணம் வேறு. வண்டி திரும்புவதை உட்செவி உணர்கிறது. வண்டியின் உட்புறத்தை மட்டும் பார்க்கும் கண்களோ அசைவின்மையைக் காட்டுகின்றன. இம்முரண்பாடே குமட்டலை உண்டாக்குகிறது. இரண்டு வயதுக்குக் கீழ் இது அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை மிகுதி. சன்னல் வழியே தொலைவைப் பார்க்கச் செய்தல், பயணத்திற்கு முன் எளிய உணவு, இடையிடையே வண்டியை நிறுத்துதல் ஆகியவை இதனைக் குறைக்கும். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாகனத்தில் செல்லும் 14 வயதுக்குட்பட்டோர் இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ அணிந்திருத்தல் வேண்டும்.

ஏரியும் படகுச் சவாரியும்

ஏரியில் மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் இயக்கப்படுகின்றன. படகில் ஏறும் குழந்தைக்கு உடல் எடைக்குப் பொருந்திய உயிர்காப்பு உடுப்பு தேவை. பெரியவர்களுக்கான உடுப்பு நீரில் மேலெழும்பிக் குழந்தையின் தலை வழியாகக் கழன்றுவிடக்கூடும். பட்டைகளை இறுக்கியபின் உடுப்பின் தோள்பகுதியை மேல்நோக்கி இழுத்துப் பார்க்கலாம். அது தாடையைத் தாண்டி உயர்ந்தால் அளவு பெரியது. பொருந்தும் உடுப்பு கிடைக்காதபோது கரையிலிருந்து படகுகளைக் காண்பதே தக்கது.

உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். சிறு குழந்தைகள் பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்குவதால், கரையிலும் குழந்தை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

காணத்தக்க இடங்கள்

ஏரியின் அருகிலுள்ள அண்ணா பூங்கா குழந்தைகள் ஓடியாட ஏற்றது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்தில் ஆர்க்கிட் மலர்ச்செடிகள் பேணப்படுகின்றன. சேலம் நகரையும் மலைப்பாதையின் வளைவுகளையும் காட்டும் சீமாட்டி இருக்கை, பகோடா முனை ஆகிய காட்சி முனைகளில் செங்குத்தான சரிவுகள் உள்ளதால், அங்கே குழந்தையைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். காப்பித் தோட்டங்களும் காணத்தக்கவை. சேலத்தின் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இங்கு காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார்.

ஏரியின் மிகைநீர் கிளியூர் அருவியாக விழுகின்றது. சுமார் 300 அடி உயரமுள்ள இவ்வருவிக்குச் செல்லும் இறக்கம் செங்குத்தானது, பாறைகள் வழுக்கும். எனவே கைக்குழந்தையுடன் வருவோர் இதனைத் தவிர்ப்பது நல்லது. ஒரே நாளில் எல்லா இடங்களையும் காண முயல்வதைவிட, ஏரியையும் பூங்காவையும் காலையில் கண்டு, நண்பகலில் குழந்தையை உறங்கவிடுவது பொருத்தமாகும்.

உடல்நலம்

உயர மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேயே தோன்றுவதால் ஏற்காட்டில் அதற்கு இடமில்லை. ஆயின் சமவெளியைவிட வெப்பநிலை சுமார் 8 பாகை செல்சியஸ் வரை குறைவாக இருப்பதால் காது, தலை, பாதம் ஆகியவற்றை மூடும் உடைகள் தேவை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. ஆகவே குளிர்ந்த வெயிலிலும் தொப்பி அணிவிக்க வேண்டும்.

இங்குள்ள நாட்டுக் குரங்குகள் உணவுப் பொருளைப் பறிக்க முனைபவை. குழந்தையின் கையில் தின்பண்டம் கொடுத்து நடக்கவிடலாகாது. குரங்கு கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிற மலைப்பகுதிகள்

நைனார்பாளையம் பகுதியினருக்கு இன்னும் அருகிலுள்ளது கல்வராயன் மலை. அங்கு கரியாலூரில் படகுத்துறையும், மேகம், பெரியார் ஆகிய அருவிகளும் உள்ளன. உதகமண்டலம் ஏரி 1824இல் ஜான் சல்லிவனாலும், கொடைக்கானல் ஏரி 1863இல் வேர் லெவிஞ்சாலும் அமைக்கப்பட்டவை. 2,000 மீட்டருக்கு மேல் அமைந்துள்ள இவ்விரு நகரங்களிலும் குளிர் ஏற்காட்டைவிட மிகுதி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு மின் அனுமதிச் சீட்டு முறை 2024 மே 7 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது.