ஹுவாய் நதிக்கு வடக்கே

சீன தேசத்தின் மத்தியில், மேற்கே சின்லிங் மலைத்தொடரையும் கிழக்கே ஓடும் ஹுவாய் நதியையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால், அதற்கு வடபுறத்தில் ஜனவரி மாதச் சராசரி உஷ்ணநிலை நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்குவதையும், தென்புறத்தில் அவ்வளவு இறங்காதிருப்பதையும் காணலாம். பூகோள நூலுக்கு உரியதாயிருந்த அந்தக் கோட்டை, 1950களில், புதிதாக அமைந்த கம்யூனிஸ்டு அரசாங்கம் ராஜ்ய நிர்வாகத்துக்கும் எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் தேசம் முழுவதற்கும் வெப்பம் அளிக்கப் பணமும் நிலக்கரியும் போதாமையால், கோட்டுக்கு வடக்கிலுள்ள நகரவாசிகளுக்கு இலவசமாகவோ அற்ப விலைக்கோ வெப்பம் கிடைக்கும், தெற்கிலுள்ளோருக்கு அது இல்லை என்று ஏற்பாடாயிற்று.

பெய்ஜிங் நகரில் நவம்பர் 15ஆம் தேதி முதல் மார்ச் 15 வரை இந்த வெப்பம் உண்டு. நிலக்கரி எரிக்கும் கொதிகலனிலிருந்து வெந்நீர் குழாய்வழியே வீடுதோறும் வந்து, சுவரோரத்து இரும்புப் பட்டைகளில் சுற்றிச் செல்லும். பழைய குடியிருப்புகள் பலவற்றில் அதைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. செலவானதை அளக்க மீட்டரும் கிடையாது. ஆகவே அறை அளவுக்குமீறிச் சூடேறிவிட்டால், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். தெற்கே ஷாங்காய் நகரத்தாரோ, வீட்டுக்குள்ளேயே கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி, வடக்கத்தியாரின் அதிர்ஷ்டத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த அதிர்ஷ்டத்தின் விலையைப் பல தசாப்தங்கள் கழித்துக் கணக்கிட்டவர்கள் வைத்தியர்களல்லர். யுயு சென், மைக்கேல் கிரீன்ஸ்டோன் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர்கள். புகையால் ஆயுள் குறைகிறதா என்று அறிய விரும்புவோரை எப்போதும் தடுக்கும் சங்கடம் ஒன்றுண்டு: புகை மிகுந்த ஊரில் ஏழ்மையும் மிகுந்திருக்கலாம், புகையிலைப் பழக்கமும் மிகுந்திருக்கலாம், நோயாளிகள் இடம் பெயர்ந்தும் போயிருக்கலாம்; எதனால் எது நேர்ந்தது என்று பிரித்தறிவது கடினம். ஹுவாய் நதிக்கரையிலோ, ஒருவரும் உத்தேசிக்காமலே ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருந்தது. கோட்டுக்குச் சற்றே வடக்கிலும் சற்றே தெற்கிலும் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஜனங்கள். குடும்பப் பதிவு முறை அவர்களை எளிதில் ஊர்மாற விடவில்லை. கோட்டைத் தாண்டியவுடன் சட்டென்று மாறியது, காற்றில் மிதந்த தூசிதான்.

1980களையும் 1990களையும் பற்றிய விவரங்களைக் கொண்டு 2013இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, வடக்கே தூசி 55 சதவீதம் அதிகம். ஆயுள் ஐந்தரை ஆண்டு குறைவு. இது சற்றுத் தாராளமான கணக்கு என்று புள்ளிவிவர நிபுணர் சிலர் கண்டித்ததுண்டு. பின்னாளைய விவரங்களை வைத்து 154 நகரங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த இரண்டாம் கணக்கு, வித்தியாசம் 3.1 ஆண்டு என்றது. நான் இதையே ஆதாரமாகக் கொள்வேன். இருதயமும் சுவாசப்பையும் பற்றிய வியாதிகளால் நேர்ந்த மரணங்களே வடக்கே கூடியிருந்தன. பிற காரணங்களால் நேர்ந்தவற்றில் கோட்டின் இருபுறமும் சொல்லத்தக்க பேதமில்லை என்பது, குற்றவாளி காற்றே என்னும் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது.

மூன்று ஆண்டு என்றால், ஒவ்வொருவரும் தம் முதுமையின் கடைசி மூன்று வருஷத்தை மட்டும் இழக்கிறார் என்று பொருளல்ல. பலருக்கு ஒன்றுமே நேராதிருக்கலாம். ஒருவர் ஐம்பது வயதிலேயே மாரடைப்பால் விழலாம். எல்லாம் சேர்ந்த சராசரிதான் அந்த மூன்று. இவருடைய மரணம் புகையால் என்று எந்த வைத்தியரும் சான்றிதழில் எழுதுவதில்லையாதலால், இத்தனை பெரிய நஷ்டம் இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமலே போயிற்று.

நிலக்கரிப் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைக் காட்டிலும் தெரியாத துகள்களே கொடியவை. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும்; இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்தவை, தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாதவை, சுவாசப்பையின் கடைக்கோடியிலுள்ள காற்றுப்பைகள்வரை சென்று தங்குகின்றன; அவற்றுள் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. தேகம் அவற்றை எதிர்த்து நடத்தும் போராட்டமே ஓயாத அழற்சியாகி, ரத்தக் குழாய்களைக் கெடுத்து, ரத்தம் உறைவதற்கும் வழிசெய்கிறது. கொதிகலனிலிருந்து வாயுவாக வெளியேறும் கந்தகப் புகையும் காற்றிலேயே உருமாறி இத்தகைய துகளாகிவிடுவதால், புகைபோக்கியில் கரியை மட்டும் வடிகட்டுவது போதாது.

2013 ஜனவரியில் பெய்ஜிங் மாநகரமே பகலில் இருண்டு கிடந்தபின் சீன அரசாங்கம் விழித்துக்கொண்டது. மறுவருஷம் பிரதமர் லீ கெச்சியாங் புகையின்மீது யுத்தப் பிரகடனம் செய்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே காற்றிலிருந்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது, அந்த அரசாங்கத்தைக் குறைகூறுவோரும் மறுக்காத சாதனை. ஆனால் அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2017ஆம் வருஷக் குளிர்காலத்தில், ஹேபெய் மாகாணத்துக் கிராமங்களில் நிலக்கரி அடுப்புகளை அகற்றிய அதிகாரிகள், பதிலுக்கு வரவேண்டிய எரிவாயுவும் மின்சாரமும் வந்துசேரும்வரை பொறுக்கவில்லை. சூயாங் வட்டாரத்தில் வகுப்பறைக் குளிர் தாங்காத பள்ளிச் சிறுவர்கள் வெயில் படும் முற்றத்தில் பெஞ்சுகளைப் போட்டுப் பாடம் படித்தார்கள். செய்தி பரவவே, மாற்று ஏற்பாடு முடியாத இடங்களில் பழையபடி நிலக்கரியையே எரித்துக்கொள்ளலாம் என்று அந்த டிசம்பரில் பெய்ஜிங்கிலிருந்து உத்தரவு போயிற்று.