பால்கனி வழியாக தப்பி ஓடும் வீட்டுச் சூடு! கம்ப்யூட்டரில் பிடிக்கும் என்ஜினீயர்கள்

பனிக்காலம் வந்தால் ஜெர்மனியில் பழைய அடுக்குமாடி வீடுகளில் ஒரு தொல்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் பால்கனி கதவு பக்கம் தரை ஐஸ் மாதிரி ஜில்லிடும். கூரை மூலையில் கருப்பு கருப்பாக பூஞ்சை படரும். துடைத்துவிட்டு பெயிண்ட் அடித்தாலும் அடுத்த குளிருக்கு திரும்ப வந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

காரணம் என்ன? சென்ட்ரிங் வேலை பார்த்தவர்களுக்கு சட்டென்று புரியும். அறையின் தளத்துக்கும் பால்கனிக்கும் சேர்த்தே கம்பி கட்டி, ஒரே கான்கிரீட்டாக போட்டு விடுகிறார்கள். சுவர் முழுக்க தெர்மோகோல் ஒட்டி குளிரை தடுத்தாலும், இந்த ஒரு இடத்தில் கான்கிரீட் வெளியே நீட்டிக் கொண்டு நிற்கும். தெர்மோகோலை விட கான்கிரீட் சுமார் 50 மடங்கு சூட்டை கடத்தும். பிறகென்ன... காசு கொடுத்து ஏற்றிய சூடு ரோட்டுக்கு போகிறது! இதற்கு பெயர் 'வெப்பப் பாலம்'.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் 82 மாடி 'அக்வா' கோபுரம், அலை அலையான பால்கனிகளுக்கு பேர் போனது. பைக் என்ஜினில் சூட்டை தணிக்க வரிவரியாக தகடு இருக்குமே, அது மாதிரிதான் இந்த பால்கனிகளும் என்று விமர்சனம் வந்தது.

இதற்கு வழி இருக்கிறது. தோசைக் கரண்டிக்கு மரப்பிடி போடுவதில்லையா? அதே வித்தைதான். ஜெர்மனியில் 1980-களிலேயே தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே தெர்மோகோல் கட்டை வைக்க ஆரம்பித்து விட்டார்கள். அதை ஊடுருவி துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பிகள் போகும். சாதாரண கம்பியில் போகும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இதில் போகும்.

எத்தனை கம்பி, எவ்வளவு கனம்? அதை சொல்லத்தான் சாப்ட்வேர். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 'தெர்ம்' என்ற சாப்ட்வேரை இலவசமாகவே தருகிறது. சுவரை குறுக்கே வெட்டினால் எப்படி தெரியுமோ, அப்படி வரைந்து கொடுத்தால் போதும். படத்தை பொடிப்பொடி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சூடு என்று கலர் கலராக காட்டிவிடும்.

ஜெர்மனி விதிப்படி வெளியே மைனஸ் 5, உள்ளே 20 டிகிரி என்று வைத்து கணக்கு போட வேண்டும். அப்போது சுவர் மூலை 12.6 டிகிரிக்கு கீழே போகக் கூடாது. போனால் பூஞ்சைக்கு கொண்டாட்டம்! தண்ணீர் சொட்ட வேண்டும் என்று கூட இல்லை, சுவர் ஓரக் காற்றில் 80 சதவீதம் ஈரம் இருந்தாலே முளைத்து விடும்.

ஆனால் 'தெர்ம்' நீளம், உயரம் மட்டும் பார்க்கும். கம்பிகளோ இடைவெளி விட்டு நிற்பவை. அதனால் சரியான கணக்குக்கு மூன்று பக்கமும் பார்க்கும் சாப்ட்வேர் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பியை கூட்டினால் சூடு ஒழுகும். குறைத்தால் பால்கனியில் நிற்பவர் உயிருக்கு யார் பொறுப்பு? எனவே பாரத்தை தாங்குமா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏற்கனவே கட்டிய வீட்டில் கட்டை செருக முடியாது. அங்கே பால்கனியின் மேலும் கீழும் தெர்மோகோலால் போர்த்துகிறார்கள். சிலர் பழைய பால்கனியை அறுத்து எடுத்துவிட்டு, சொந்தக் காலில் நிற்கும் இரும்பு பால்கனியை வெளியே நிறுத்தி விடுகிறார்கள்.