தூரமும் பிரயாண நேரமும்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை நாம் தட்டையான படத்தில் அளப்போமாயின் பிழைபடுவோம், பூமி உருண்டையாதலின். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இறுகப் பிடித்து அளத்தலே நேரிய வழியாகும். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரினின்று ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவரை அவ்வாறு பிடிப்போமாயின், நூல் சைபீரியாவின்மீது வளைந்து சென்று ஏறக்குறைய 70 பாகை காட்டும். பாகையொன்றுக்கு 111 கிலோமீட்டராகக் கணிக்க, தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் செல்லும் ஆகாய விமானத்திற்கு ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மேற்படும்.

ஆயினும், 2022-ஆம் ஆண்டில் ருஷியா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றியத்து விமானங்களுக்கு அடைத்தது. அதன்பின் பின்லாந்து விமானங்கள் வடதுருவத்தின் வழியாகவோ தெற்கே சுற்றியோ செல்லலாயின. பிரயாணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. 1983-இல் இவ்விரு நகரங்களுக்கிடையே தொடங்கிய இடைநில்லாப் பிரயாணமும், சோவியத் வான்வழி கிட்டாமையால், வடதுருவ வழியே சென்றதாம்.

கடிகாரத்தையும் அப்படியே நம்புதற்கில்லை. பனிக்காலத்தில் டோக்கியோவின் நேரம் 7 மணி முந்தியது. மாலை 5 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் பகல் 1 மணிக்கு இறங்குவோன் 20 மணி நேரம் பறந்தவனல்லன். ஏழைக் கழிக்க, 13 மணியே.

நூல் உரைப்பது பூமியின் தூரத்தை. அதனை நீட்டுவது மனிதரின் பகையே என்பதை நாம் மறவாதிருப்போமாக.