முருகைக்கல்லின் நிறம் கல்லில் இல்லை

கல்முனை நகைக்கடைகளில் மோதிரத்துக்குப் பதிக்கும் பவளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் சிவப்புத்தான். மத்தியதரைக் கடலில் வளரும் அந்த இனம் கரோட்டினொயிட்டு எனும் நிறப்பொருளைத் தன் கல்லோடு சேர்த்தே கட்டிக்கொள்கிறது.

நம் பக்கத்து முருகைக்கல் வேறு சாதி. கோமாரியூடாகப் போகும் ஏ4 வீதியில் வடக்கே மட்டக்களப்பு போய், அப்பால் பாசிக்குடாவுக்குச் சென்றால் ஆழமில்லாத கடலிலேயே அதைக் காணலாம். உயிரோடிருக்கையில் மண்ணிறம், பச்சை, ஊதா. செத்துக் கரையொதுங்கினால் வெள்ளை. சுண்ணாம்புச் சூளைக்காரர் தேடியது இந்த வெள்ளையைத்தான். அது வெறும் கல்சியம் காபனேற்று.

நிறமெல்லாம் கல்லைப் போர்த்திய மெல்லிய தசையில் இருக்கிறது. தசையும் ஏறக்குறைய ஊடுதெரிவதுதான். அதன் கலங்களுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்களே மண்ணிறத்துக்குக் காரணம். ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். சூரிய ஒளியில் அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு முருகைக்கே போகிறது. ஆகவே நலமான முருகைப்பாறை பெரும்பாலும் மண்ணிறந்தான். சுற்றுலா விளம்பரங்களின் பளபளப்பில் பாதி கமெராக்காரரின் கைவேலை.

பச்சையும் ஊதாவும் முருகை தானே செய்யும் புரதங்கள். ஜெலிமீனிலிருந்து இத்தகைய பச்சைப் புரதத்தை 1962இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தார்; 2008 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அதே குடும்பப் புரதங்கள் முருகையினங்களிலும் உண்டு என்பது 1999இல் தெரியவந்தது. ஆழம் குறைந்த இடத்தில் அவை அல்காக்களுக்கு வெயில் மறைக்கும் குடை.

கோடையின் உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். அல்காவின் ஒளித்தொகுப்பு பழுதாகி நச்சு ஒட்சிசன் பிறக்கிறது; முருகை அல்காவை வெளியேற்றுகிறது. தசையூடாக வெண்கல் தெரிகிறது. 1998இல் இலங்கையின் முருகைப்பாறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளுத்தன. ஹிக்கடுவை கடுமையாக அடிபட்டது, திருகோணமலைப் பக்கம் தப்பியது.

சில முருகைகள் வெளுக்கும்போது வெண்மைக்குப் பதில் கண்ணைப் பறிக்கும் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சளாக மாறும். பார்ப்பவருக்கு அழகு, முருகைக்கு அது ஆபத்துக் காலம். இதன் காரணத்தை சவுத்தம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். அல்கா போனதும் ஒளியைக் குடிக்க ஆளில்லை. அது வெண்கல்லில் பட்டுத் தெறித்துத் தசைக்குள் பெருகுகிறது. அந்த ஒளியே நிறப்புரத உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. புரதம் பெருகினால் நிழல் கூடும். நிழலிருந்தால் அல்கா திரும்பிவர வழியுண்டு. வெப்பம் மிதமாகவோ குறுகிய காலமோ இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும்.

எனவே கடலுக்குள் வெளுத்து நிற்கும் முருகை செத்ததென்று முடிவுகட்ட வேண்டாம். நீர் குளிர்ந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தேறிவிடக்கூடும். அதன்மேல் ஏறி நிற்காதீர்கள், அலுமாரியில் வைக்க உடைத்தெடுக்காதீர்கள். நம் நாட்டில் அது சட்டப்படியும் குற்றம்.