சம்பளச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள்: மருத்துவக் காப்பீடு அதில்தான் இருக்கிறது

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் தமிழோடு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் காதில் விழும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலருக்குச் சொந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்குகிறார்கள். ஒருவருக்கு டெங்கு வந்து படுத்தால், கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டு ஆள் பக்கத்தில் இல்லை. கையில் இருப்பதும் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சிய பணம்தான்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு தொழிலாளர் விடுதியில் சாப்பிட்ட பெண்களில் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்தவர்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தங்க இடம் கிடைத்தால் போதுமா? உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது, யார் செலவு செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மாதம் 120 ரூபாய்

16,000 ரூபாய் சம்பளக்காரரின் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம், 520 ரூபாய் கட்டுகிறது. பத்து டீ குடிக்கும் காசுக்கு, வேலையில் சேர்ந்த நாள் முதலே தனக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. இவ்வளவு தொகை வரைதான் என்ற உச்சவரம்பு கிடையாது. எந்தத் தனியார் பாலிசியும் இந்த விலைக்குப் பக்கத்தில் வராது.

சிகிச்சை மட்டுமல்ல. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரஸ் மெஷினில் விரல் நசுங்கினால் அந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. முதல் நாள் வேலையில் அடிபட்டாலும் 90 சதவீதம் உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

ஊரில் இருக்கும் குடும்பம்

மனைவியும் பிள்ளைகளும் ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ இருந்தால் என்ன செய்வது? பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். சேரும்போது அவசரத்தில் குடும்ப விவரம் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. பதிவில் ஆதாரோடு அவர்கள் பெயரைச் சேர்த்து, ஊருக்குப் பக்கத்திலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் அங்கேயே சிகிச்சை பெறலாம்.

ஊரிலேயே ஆயுஷ்மான் பாரத் அட்டை வாங்கி வந்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2018-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பீகாரில் எடுத்த அட்டை தமிழ்நாட்டில் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையிலும் செல்லும். ஆனால் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். காய்ச்சல் மாத்திரைக்கு உதவாது.

காண்ட்ராக்டர் மாறினால்

இந்தப் பகுதியில் பலர் நேரடிக் கம்பெனி ஆட்கள் அல்ல, காண்ட்ராக்ட் ஆட்கள். காண்ட்ராக்டர் சந்தா கட்டவில்லை என்றால் பொறுப்பு முதன்மை நிறுவனத்தினுடையது என்கிறது சட்டம். பத்து இலக்கக் காப்பீட்டு எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் இன்னொன்று வாங்கினால், கட்டிய நாட்கள் இரண்டாகப் பிரிந்து, 78 நாள் கணக்கு நிறையாமல் போகும். செல்போனில் அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

21,000-க்கு மேல்

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை. ஓவர்டைம் பணத்தை இந்த வரம்பில் சேர்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஓ.டி. சேர்த்தால் தாண்டிவிட்டது’ என்று யாராவது நிறுத்தினால் கேள்வி கேட்கலாம். உண்மையிலேயே தாண்டியவர்களும் நடப்பு ஆறு மாதக் காலம் முடியும்வரை உறுப்பினர்களே.

அதற்குப் பிறகு கம்பெனியின் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பக் கூடாது. வேலை போனால் அதுவும் போகும். காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே விதிகளோடு விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். அவற்றுக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு.

இங்கே பணிபுரியும் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளுக்கும் இதே நிலைதான். இந்தியா அந்த நாடுகளோடு செய்துள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் ஓய்வூதியத்தைப் பற்றியவை. மருத்துவச் செலவுக்குத் தனிக் காப்பீடுதான் வழி.

இந்த மாதச் சீட்டு கைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ. வரியைத் தேடிப் பாருங்கள். பிடித்தம் இருந்தும் எண் தரவில்லை என்றால் 1800 11 2526 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் கேளுங்கள். பக்கத்து அறையில் தமிழ் தெரியாத தொழிலாளி இருந்தால், அவர் சீட்டையும் வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.