ஆட்சி அல்லாஹ்வுக்கே, தோட்டத்துப் பட்டா யார் பெயரில்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நிக்காஹுக்காக வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் பண்ணைக்காட்டுக்குப் போயிருந்தேன். விருந்து முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ஆட்சி அதிகாரம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான்னு சொல்றோம். அப்புறம் நாம ஓட்டுப் போடறது, கவர்மென்ட் வேலைக்குப் போறதெல்லாம் எப்படி?" என்று கேட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்ப எங்க அத்தா காலத்துலருந்து நம்ம கையில இருக்கிற தோட்டம்?" என்றார்.

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். நாம் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹாவிலேயே அது இருக்கிறது.

தீர்ப்பு நாளைப் பற்றிய ஆயத்தில் அல்லாஹ்வைக் குறிக்கும் சொல்லை நாம் 'மாலிக்' என்று நீட்டி ஓதுகிறோம். அது ஆஸிம் இமாமின் கிராஅத். மொராக்கோ போன்ற நாடுகளில் நாஃபிஉ இமாமின் கிராஅத்தில் நீட்டாமல் 'மலிக்' என்று ஓதுவார்கள். இரண்டும் நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்த சரியான ஓதல்களே. மாலிக் என்றால் உடைமையாளன், மலிக் என்றால் அரசன். மனிதர்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் சேர்வதில்லை. வீட்டுக்காரருக்கு வீடு சொந்தம், ஆனால் தெருவில் போகிறவருக்கு அவர் உத்தரவு போட முடியாது. அரசனுக்கு உத்தரவு போட முடியும், ஆனால் உங்கள் வீடு அவனுக்குச் சொந்தமில்லை. அல்லாஹ் ஒருவனிடம்தான் உடைமையும் ஆணையும் குறைவில்லாமல் சேர்ந்திருக்கின்றன. இரண்டு கிராஅத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் 'முல்க்' என்ற சொல்லின் முழுப் பொருள் கிடைக்கிறது.

எல்லா நாளுக்கும் அரசனாக இருப்பவனை ஏன் தீர்ப்பு நாளோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்? இன்று "என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு தவணை தரப்பட்டிருக்கிறது. அன்று அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரவில் ஓதும் முல்க் சூராவைக் கவனியுங்கள். ஆட்சி தன் கையில் என்று தொடங்கியவுடன், அடுத்த ஆயத்திலேயே மரணத்தையும் வாழ்வையும் பேசுகிறான் இறைவன்.

பண்ணைக்காட்டைச் சுற்றியுள்ள மலைகளில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த ஆதிகால ஈமச் சின்னங்கள். ஆங்லேடு, நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் பழனி மலைக் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதை 1928-ல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. அந்தக் கற்களை நிறுத்தியவர்களும் இந்த மலையை "எங்களுடையது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று அவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அடிவாரத்துத் திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியர், மதுரை நாயக்கர், பிறகு மைசூர். 1755-ல் ஹைதர் அலி அங்கே ஃபவ்ஜ்தாராக வந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் தம் அரசுக்கு 'சர்க்காரே குதாதாத்' என்று பெயர் சூட்டினார். இறைவன் கொடுத்த அரசு என்று பொருள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனிக்குப் போனது. 1799 மே 4-ல் திப்பு ஷஹீதானார். கம்பெனியும் போய்விட்டது. நாடியவருக்கு ஆட்சியைக் கொடுப்பதும் நாடியவரிடமிருந்து பறிப்பதும் தன் செயல் என்று ஆலு இம்ரான் சூராவில் (3:26) அல்லாஹ் சொல்வதற்கு விரிவுரை தேடித் தூரம் போக வேண்டியதில்லை. கொடுத்தவன் யார் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்த அந்த சுல்தானின் அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஃபிர்அவ்ன் இதற்கு நேர் எதிர். மிஸ்ரின் ஆட்சியும் தன் காலடியில் ஓடும் ஆறுகளும் தன்னுடையவை அல்லவா என்று கேட்டான் (43:51). அவனுடைய முடிவு தண்ணீரில் வந்தது.

'அரசர்களுக்கெல்லாம் அரசன்' என்று பெயர் வைத்துக்கொள்வது அல்லாஹ்விடம் மிக இழிவான பெயர் என்று புகாரி, முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கவனிக்கவும். 'அப்துல் மலிக்' அழகான பெயர்.

இனி தம்பியின் கேள்வி. "அதிகாரம் அல்லாஹ்வுக்கே" என்ற வாசகத்தைக் கோஷமாக்கி முஸ்லிம்களுக்கு எதிராகவே வாளெடுத்தவர்கள் ஹிஜ்ரி 37-ல் ஸிஃப்பீன் போருக்குப் பின் பிரிந்த கவாரிஜ்கள். சொல் உண்மைதான், அதை வைத்து இவர்கள் நாடுவதுதான் பொய் என்ற கருத்தில் அலீ (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள். ஹிஜ்ரி 40-ல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனே அவர்களைக் கொன்றான். இன்றும் இந்த வாசகத்தைக் காட்டி, ஓட்டுப் போட்டவரையெல்லாம் காஃபிர் என்று பேசுகிற குரல்கள் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வருகின்றன. பெற்றோர் கவனிக்க வேண்டும். யூசுஃப் (அலை) அவர்கள் முஸ்லிம் அல்லாத அரசரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கினார்கள் (12:55). அந்த மன்னரைக் குர்ஆன் 'மலிக்' என்றே குறிப்பிடுகிறது. மக்கத்து முஸ்லிம்கள் முதலில் அடைக்கலம் தேடியது அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். மனிதனிடம் இருக்கும் அதிகாரம் இரவலாக வந்தது. அதை நீதியாகப் பயன்படுத்தக்கூடியவர் யார் என்று பார்த்து ஓட்டுப் போடுவது இறைவனின் ஆட்சியை மறுப்பது ஆகாது.

உண்மையைச் சொன்னால், நம்மில் பலர் அல்லாஹ்வின் ஆட்சியை மறுப்பது வாக்குச்சாவடியில் அல்ல, பாகப்பிரிவினையில்தான். நிஸா சூராவில் பங்குகளைச் சொல்லி முடித்ததும், இவை தன் வரம்புகள் என்கிறான் அல்லாஹ் (4:13). "கல்யாணத்துக்கே செலவு பண்ணியாச்சு" என்று சொல்லி சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவனுக்கு ஏழு பூமிகள் கழுத்து வளையமாக மாட்டப்படும் என்று நபி (ஸல்) எச்சரித்த ஹதீஸை எல்லைக் கல்லை நகர்த்துகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறோம்.

இதைச் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மா முன்னாடியே மௌத். அத்தாவுக்கு நான் ஒரே பையன், தங்கச்சிங்க ரெண்டு பேரு. கணக்கு எப்படி வரும் ஹஜ்ரத்?" நான்கு பங்கு, உங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்றேன். காப்பி எத்தனை ஏக்கர், வாழை எத்தனை ஏக்கர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, கல்யாண வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்.