இயந்திரத்தின் சீதள நோய்

சித்திரை மாதத்து நண்பகலில் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு மோட்டார் வண்டியிற் பிரயாணம் செய்தோர், இயந்திரம் கொதித்து, நீராவி சீறி, வண்டியொன்று சாலையோரத்து மரநிழலில் நிற்கும் காட்சியை ஒருமுறையேனும் கண்டிருப்பர். ஆகவே, வெப்பமே இயந்திரத்தின் பகையென்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருத்தல் வியப்பன்று. ஆயின், இயந்திரம் வேண்டிய அளவு சூடேறாது குளிர்ந்தே ஓடுதலும் ஒரு நோயே. கொதிப்பு உடனே வண்டியை நிறுத்திவிடும். குளிர்ச்சியோ ஓசையின்றி உரிமையாளரின் பணத்தையும் இயந்திரத்தின் ஆயுளையும் தேய்த்துவிடும். அந்நோயின் இயல்பையும், அதனைக் கண்டறியும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகிறேன்.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம். என் தாய்மாமன் ஒருவர் சங்கரன்கோவிலில் டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். வண்டி முன்னிலும் மிகுதியாக டீசல் குடிப்பதாகவும், இழுவை குறைந்துவிட்டதாகவும் அவர் சில மாதங்களாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார். இன்ஜெக்டர்கள் கெட்டுவிட்டன என்று சிலர் கூற, அவற்றை மாற்றுதற்காக அத்தையின் நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். விடுமுறையில் ஊர் சென்றிருந்த நான் ஒருநாள் அவரருகில் அமர்ந்து செல்லுகையில், வெப்பங்காட்டும் முள் அடிக்கோட்டினின்று எழாதிருத்தலைக் கண்டு, அது பற்றி வினவினேன். “நம்மூர் வெயிலுக்கு வண்டி குளிர்ந்து ஓடுவது நல்லதுதானே, மருமகனே!” என்று கூறி அவர் நகைத்தார். இவ்வெண்ணமே நோயை மறைத்து வைத்திருந்தது.

எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதி சிலிண்டர்களைச் சூழ்ந்தோடும் நீரிற் சேர்ந்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றிற் கலக்கும். இந்நீர் எத்துணைக் குளிர்ந்திருப்பினும் நன்றே என்று கருதுதல் பிழையாகும். இக்காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் அந்நீர் செல்சியஸ் 85 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் இடைப்பட்டு நிற்கும்பொழுதே செவ்வனே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அக்கினி நட்சத்திர வெயில் 40 டிகிரியை எட்டினும், 90 டிகிரியை வேண்டி நிற்கும் இயந்திரத்துக்கு அஃது 50 டிகிரி குளிர்ந்த காற்றேயாம். ஆகவே, வெயில் நாட்டில் இயந்திரத்துக்குச் சீதளம் வாராது என்பது பொருந்தாக் கூற்று.

இனி, குளிர்ச்சியால் வரும் கேடுகள் யாவை? பெட்ரோல் முற்றும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரிற் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, இஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். எரிதலினால் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் நீர்த்துளியாகி, அமிலப் பொருள்களோடு கூடி உலோகத்தை அரிக்கும். உராய்வைவிட இவ்வரிப்பே சிலிண்டர்த் தேய்மானத்துக்குப் பெருங்காரணமாதல் கூடும் என்பதை 1930-களிலேயே இங்கிலாந்து நாட்டுப் பொறியியலார் ஆராய்ந்து கண்டனர். எண்ணெய் தடித்திருப்பதால் இயந்திரத்தின் ஆற்றலிற் சிறிது அதனைக் கடைவதிலேயே வீணாகும். மேலும், இக்காலத்து வண்டிகளை ஆளும் மின்னணுக் கருவி, இயந்திரம் இன்னும் சூடேறவில்லையென்று கருதி, எரிபொருளை மிகுதியாக ஊட்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கிணங்க அமைந்த டீசல் கார்களிற் கரியை வடிக்கும் வடிகட்டியொன்று உண்டு. அது தன்னிற் சேர்ந்த கரியை எரித்துத் தூய்மையாதற்கும் பல வண்டிகளில் இயந்திரம் போதிய அளவு சூடேறியிருத்தல் வேண்டும்.

இவ்வெப்பத்தைக் காக்கும் காவலனே தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனியார் செய்த ‘மாடல் டி’ வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இதுவுமில்லை, நீரை உந்தும் பம்புமில்லை. சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கையே அங்கு வேலை செய்தது. பின்னர், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த மடிப்புக் குழாயாலான தெர்மோஸ்டாட் வழக்கில் வந்தது. 1934-ஆம் ஆண்டில் செர்ஜியஸ் வெர்னே என்பார் மெழுகினால் இயங்கும் அமைப்பைக் கண்டுபிடித்தார். இன்றும் நம் வண்டிகளில் உள்ளது பெரும்பாலும் அவ்வகையே. சிறு பித்தளைச் சிமிழினுள் அடைபட்ட மெழுகு, குறித்த வெப்பத்தில் உருகி விரிந்து, ஓர் ஊசியைத் தள்ளி வால்வைத் திறக்கும். குளிர்ந்தபோது சுருள்வில் அதனை மூடும். மூடியிருக்கும் வரை நீர் ரேடியேட்டருக்குச் செல்லாது இயந்திரத்துள்ளேயே சுற்றி விரைவிற் சூடேறும். திறக்கும் வெப்பநிலை 82 என்றோ 88 என்றோ பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

நோயின் காரணங்கள் பலவாதலின், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதலே முறை.

முதலாவது, காலையில் இயந்திரம் ஆறியிருக்கும்பொழுது கூலண்டின் அளவைப் பார்த்தல். சூடேறிய ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அளவு குறைந்திருப்பின், வெப்பமறியும் சென்சார் நீரிற் படாது காற்றில் நின்று பொய் கூறும். அத்தகைய வண்டி குளிர்ந்ததாகக் காட்டிக்கொண்டே உண்மையிற் கொதித்துக் கொண்டிருத்தலும் உண்டு.

இரண்டாவது, குளிர்ந்தது இயந்திரமா, அன்றி முள் மட்டுமா என்று தேர்தல். பட்டறையிலுள்ள ஸ்கேனரை இணைத்தால் சென்சார் கூறும் வெப்பநிலை எண்ணாகத் தெரியும். அதனைத் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியாற் கண்ட அளவோடு ஒப்பிடுக. இரண்டும் பெரிதும் மாறுபட்டால் சென்சாரையோ கம்பியையோ ஐயுறல் வேண்டும். சென்சாரின் கம்பி அறுந்திருப்பின், பல வண்டிகளில் எண் பூஜ்யத்துக்கும் கீழே 40 டிகிரி என்று நிற்கும்; நம்மூரில் அஃது ஒருநாளும் உண்மையாகாது. பி 0128 என்னும் குறியீடு தோன்றினால், நீர் உரிய வெப்பத்தை உரிய காலத்தில் எய்தவில்லையென்பது பொருள். தெர்மோஸ்டாட்டே குற்றவாளியென்று அது தீர்ப்பளிப்பதன்று. முள்ளின்றி நீலவிளக்கு மட்டும் உள்ள சிறு கார்களில், அவ்விளக்கு நெடுநேரம் அணையாதிருத்தலே அடையாளம்.

மூன்றாவது, கையாற் சோதித்தல். ஆறிய இயந்திரத்தை ஓடவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையை எட்ட விலக்கி, ரேடியேட்டருக்குச் செல்லும் மேற்குழாயைச் சிறிது நேரத்துக்கொருமுறை தொட்டுப் பார்க்க. நலமுள்ள வண்டியில் அக்குழாய் நெடுநேரம் ஏறக்குறையக் குளிர்ந்தேயிருந்து, தெர்மோஸ்டாட் திறந்தவுடன் விரைவிற் சூடேறும். தொடக்கமுதல் இயந்திரத்தோடு கூடவே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு மூடவில்லையென்று அறிக. சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் அமைந்திருத்தலால், அதன் இடத்தை முன்னரே தெரிந்துகொள்ளல் நலம்.

நான்காவது, விசிறி. ஏ.சி.யை நிறுத்தியிருக்கையில், ஆறிய இயந்திரத்தில் மின்விசிறி சுழல்வதற்குக் காரணமில்லை. சுழலுமாயின், ரிலே ஒட்டிக்கொண்டதா, சென்சார் பழுதானதா என்று பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, சாலையிற் சோதித்தல். ஆடித்தபசு நாட்களின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முள் எழுந்து, ஊரைக் கடந்து நெடுஞ்சாலையில் விரையும்போது விழுமாயின், தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கின்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு மலையிறங்கும்பொழுது டீசல் வண்டியின் முள் சிறிது தாழ்தல் மட்டும் நோயன்று. இறக்கத்தில் எரிபொருள் மிகக் குறைவாகவே எரிகின்றது.

இறுதியாக, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கெதிரே பிடித்தால், காற்று வெளியேற விட்ட சிறு துளையன்றி வேறு இடைவெளி தோன்றலாகாது. பின் அதனை நூலிற் கட்டி, அடியிற் படாமல் நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பிலேற்றுக. பொறித்த அளவையொட்டித் திறந்து, ஆறியபின் முற்றும் மூடுவதே நல்லது.

என் மாமன் வண்டியில் மேற்குழாய் தொடக்கமுதலே சூடேறியது. கூட்டைத் திறந்து பார்த்தபொழுதோ, அங்குத் தெர்மோஸ்டாட்டே இல்லை! இரண்டாண்டுகளுக்கு முன் வண்டி கொதித்தபோது, பட்டறைக்காரர் ஒருவர் “இது நம்மூருக்கு வேண்டாத சாமான்” என்று அதனைக் கழற்றி எறிந்துவிட்டாராம். அன்று கொதித்ததன் உண்மைக் காரணம், கூலண்டுக்குப் பதிலாக ஊற்றிவந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைபட்டிருந்ததேயாம். அடைப்பு அப்படியே இருக்க, காவலன் மட்டும் நீக்கப்பட்டான். பல இயந்திரங்களில் தெர்மோஸ்டாட்டின் மற்றொரு தட்டு, சூடேறியபின் உட்சுற்று வழியை அடைப்பதற்காக அமைந்தது. அதனைக் கழற்றினால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டாமலே திரும்பிவிடும். ஆகவே, அவ்வாறு கழற்றிய வண்டி சமவெளியிற் குளிர்ந்தும், பாரமேற்றி மலையேறுங்கால் கொதித்தும் இருவகையாலும் துன்புறும்.

ரேடியேட்டரைத் தூய்மை செய்து, உரிய கூலண்டு நிரப்பி, புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்தினோம். நீர்த்துப்போயிருந்த இஞ்சின் ஆயிலும் மாற்றப்பட்டது. சில நாட்களில் முள் நடுவில் நிற்கவும், டீசற் செலவு பழைய அளவுக்குத் திரும்பவும் கண்டோம். இன்ஜெக்டர்களிற் குற்றமில்லை, அத்தையின் நகையும் அடகுக்கடைக்குச் செல்லவில்லை.

அன்பர்களே, துன்பந்தரும் குறியைக் கண்டால் காரணம் தேடுகிறோம். இன்பமாகத் தோன்றும் குறியை அவ்வாறு வினவுவதில்லை. என் மாமனின் முள் இரண்டாண்டுகள் அடிக்கோட்டில் நின்றும், அது நன்மையென்றே கருதப்பட்டது. அளவினின்று மிகுதலும் நோய், குறைதலும் நோய். ஆதலால், வண்டியோட்டும் அன்பர்கள் இன்றே தத்தம் வண்டியின் முள்ளையோ நீலவிளக்கையோ ஒருமுறை கூர்ந்து நோக்குவார்களாக. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்று எவரேனும் கூறுவாராயின், வண்டி கொதித்ததன் காரணம் யாதென்று முதலில் அவரை வினவுவார்களாக.